ஜாடி ஏன் மஞ்சளானது?

அத்தியாயம் 9

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். சிலருக்கு வயிற்றைக் கலக்கும். வெடி என்பவனுக்கு வாய் திறந்துகொள்ளும்.

காரை விட்டு இறங்கியதிலிருந்து அது மூடவே இல்லை.

“மேடம், இந்தக் கட்டடத்தைப் பாருங்களேன். ஒரு ஜன்னல் கூட இல்லை. கிருமி வளர்க்கிற இடமாம். எனக்கென்னவோ கிருமிக்கே மூச்சு முட்டும்போலத் தெரியுது.”

“நடையைப் போடு,” என்றார் தராசு.

தராசு என்பது அந்த அம்மாளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் நஷ்டஈட்டுக்காரர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். யார் எதைச் சொன்னாலும் ஒரு தட்டில் போட்டு, எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட மாட்டார். ஓய்வுக்குப் பிறகு துப்பறியும் தொழில். வெடி அவருடைய உதவியாளன். பேச்சு மட்டும்தான் வெடிக்கும், ஆள் நமுத்துப்போன சரக்கு என்பது அவனே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது.

இன்றைக்கு அவன் வாய் ஏன் ஓயவில்லை என்பது தராசுக்கு நன்றாகவே தெரியும். காணாமல்போனவள் வெடியின் தங்கை.

விஷயம் இதுதான். இந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வகை பாக்டீரியாவை வளர்த்து, அது சுரக்கும் மருந்துச் சரக்கைப் பிரித்தெடுக்கிறார்கள். பாலுக்கு உறை மாதிரி அதற்கும் ஒரு மூலக்குப்பி உண்டு. உறைக்குப்பி என்பார்கள். அது கைமாறினால் பல வருட உழைப்பும் கைமாறிய கணக்கு. இன்று விடுமுறை. காலையில் வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, பாக்டீரியா ஜாடியைப் பார்த்துக்கொள்ளும் வெடியின் தங்கை. வீட்டில் அவள் பெயர் பாப்பா. இன்னொருவர் மேனேஜர். மதியம் ஆய்வுக்கூடத்தின் தலைவரான டாக்டர் வந்து பார்த்தபோது குப்பியும் இல்லை, பாப்பாவும் இல்லை. “குப்பியைத் தூக்கிக்கிட்டு அந்தப் பொண்ணு ஓடிட்டா,” என்று மேனேஜர் சொன்னார். டாக்டர் தராசுக்குப் போன் போட்டார்.

ஓடிப்போனவள் வீட்டுக்கு வரவில்லை. அவள் போன் அணைந்து கிடந்தது. வழி நெடுக வெடி அந்த எண்ணை அழுத்திக்கொண்டே வந்தான். திருடி என்ற பெயர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். ஆள் முழுசாகத் திரும்பி வரட்டும் என்று அவன் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான். வெளியில் சொல்லவில்லை.

கேட்டருகே நின்ற வாட்ச்மேனிடம் தராசு ஒரே ஒரு வார்த்தை பேசினார். “நான் சொல்ற வரைக்கும் இந்த கேட்டை யாருக்கும் திறக்காதீங்க. உங்க முதலாளியே வந்தாலும் சரி.”

“சரிம்மா,” என்றார் வாட்ச்மேன், எதற்கு என்று கேட்காமல்.

*

முன்னறையில் மேனேஜர் நின்றிருந்தார். பளபளவென்று கறுப்பு ஷூ. பளபளவென்று முன்நெற்றி.

சுவரோரமாக ஒரு செருப்பு அலமாரி. ஒவ்வொருவருக்கும் மேலும் கீழுமாக இரண்டு கட்டங்கள். கீழே வெளிச்செருப்பு, மேலே, உள்ளே போட்டுக்கொள்ளும் வெள்ளை ரப்பர் செருப்பு. தெருத்தூசி உள்ளே போனால் வேண்டாத கிருமி ஏதாவது ஜாடியில் தொற்றிக்கொள்ளும் என்று டாக்டர் இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. பக்கத்தில் போன் பெட்டி. உள்ளே போகிறவர்கள் போனையும் இங்கேயே வைத்துவிட வேண்டும்.

“நீங்களே பாருங்க மேடம்,” என்றார் மேனேஜர். “அவ செருப்பு இல்லை. போன் இல்லை. எடுத்துக்கிட்டு பின்வாசல் வழியா போயிட்டா. நான் மொட்டை மாடியில இருந்து கண்ணால பார்த்தேன்.”

“குப்பியையும் பார்த்தீங்களா?”

“பையில வச்சிருப்பா.”

“எந்தப் பை சார்?” வெடி நடுவில் புகுந்தான். “எங்க வீட்ல இருக்கிறதே ஒரு நல்ல பை. அது காலையில இருந்து என் தோள்ல தொங்குது.”

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க?”

“அவ அண்ணன்.”

மேனேஜரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் துடைக்க ஒன்றுமில்லாத நெற்றியை அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். “வருத்தமாத்தான் இருக்கு தம்பி. யாரைத்தான் நம்புறது?”

“நீங்க உள்ள போற வழக்கம் உண்டா?” என்று தராசு கேட்டார்.

“நானா? நல்ல கதை. எனக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்? இந்தச் செருப்பு மாத்துற தொல்லையெல்லாம் அவங்களுக்குத்தான். பின்பக்க நடை வரைக்கும் போவேன், சாமான் வந்தா இறக்கி வைக்கிறதுக்கு. அங்க ஷூவோடவே போகலாம்.”

“நல்லது,” என்று சொல்லிவிட்டு தராசு இருவரின் போனையும் பெட்டியில் போட்டு, விருந்தாளிகளுக்கான வெள்ளைச் செருப்பை மாட்டிக்கொண்டார். வெடிக்கு மாட்டிய ஜோடி ஒரு குழந்தைக்குக்கூடப் போதாது. குதிகால் பின்னால் தொங்க அவர் பின்னாலேயே ஓடினான்.

கண்ணாடிக் கதவு பின்னால் மூடியதும் தராசு நின்றார். குரல் தாழ்ந்தது.

“அலமாரியில உன் தங்கச்சி கட்டத்தைப் பார்த்தியா?”

“பார்த்தேன். செருப்பு இல்லை.”

“எந்தக் கட்டத்துல?”

“கீழ்…” வெடி யோசித்தான். “மேலயும் இல்லையே!”

“உள்ள இருக்கிறவ கால்ல வெள்ளைச் செருப்பு இருக்கும், வெளிச்செருப்பு அலமாரியில இருக்கும். வீட்டுக்குப் போனவ கால்ல வெளிச்செருப்பு இருக்கும். வெள்ளைச் செருப்பு அலமாரியில இருக்கும். ரெண்டும் இல்லைன்னா? ரெண்டு காலுக்கு நாலு செருப்பா?”

வெடி கண்ணாடிக் கதவு வழியே அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். “அவ வெளிய போகலை. போன மாதிரி காட்டணும்னு யாரோ வெளிச்செருப்பை மட்டும் எடுத்திருக்காங்க.”

“செருப்பு மாத்துறவங்க யாருக்கும் இந்தத் தப்பு வராது. அவங்களுக்குக் கால் பழகிப்போயிருக்கும். இது செருப்பே மாத்தாத ஆளோட வேலை.”

வெடிக்கு அந்தப் பளபள ஷூ கண்முன் வந்தது. திரும்பி ஓடி அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. தராசு அவன் தோளில் கை வைத்தார்.

“பிடிச்சா வாயைத் திறக்க மாட்டான். முதல்ல அவ எங்கன்னு பார்ப்போம். அவ உள்ளதான் இருக்கா.”

உள்ளே இருக்கிறவள் ஏன் இவ்வளவு நேரமாகக் குரல் கொடுக்கவில்லை? அந்தக் கேள்வியை அவரும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. இருவருக்கும் அது காலில் இடறியது.

*

ஜாடி அறையில் டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். காணாமல்போன குப்பி, காணாமல்போன பெண் எல்லாவற்றையும் ஒரு நிமிடம் மறந்துவிட்டவர் போல எதிரே இருந்த கண்ணாடி ஜாடியையே வெறித்துக்கொண்டிருந்தார். குடம் அளவு ஜாடி. உள்ளே கலங்கலான மஞ்சள் திரவம். மேலே இரண்டு மூன்று குழாய்கள், ஒரு கம்பி. பக்கத்தில் உள்ளங்கை அளவு பம்பு ஒன்று கிர்ர்ர் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

“எல்லா அறையும் தேடிட்டேன்மா,” என்றார் அவர். “மாடி, ஸ்டோர், பாத்ரூம். எங்கயும் இல்லை. அந்தப் பொண்ணு திருடுவான்னு என்னால நம்ப முடியலை. இதுல இந்த ஜாடி வேற. அவ இல்லைன்னதும் இதுக்கும் கிறுக்குப் பிடிச்சிடுச்சு.”

“கிறுக்குன்னா?”

“இது தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கிற ஏற்பாடும்மா. எப்படின்னா…”

“சார், அந்தக் கதை எனக்குத் தெரியும்,” என்றான் வெடி. “தினமும் சாப்பாட்டுத் தட்டோட சேர்ந்து வரும். நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க.” அவனுக்குப் பேச வேண்டியிருந்தது. பேச்சை நிறுத்தினால் பல் தந்தியடிக்கும் என்று தோன்றியது. “ஜாடிக்குள்ள இருக்கிறது சரியான தீனிப்பண்டாரம். தின்னுக்கிட்டே இருக்கும், பெருகிக்கிட்டே இருக்கும். தின்னுட்டுச் சும்மா இருக்காது, புளிப்பை விடும். புளிப்பு ஏறினா அதுலயே அதுக்கு மூச்சு முட்டி வளர்ச்சி நின்னுடும். அதனால இதோ இந்தக் கம்பி புளிப்பை மோந்து பார்த்துக்கிட்டே இருக்கும். ஏறிடுச்சுன்னா பம்புக்குச் சொல்லும். பம்பு புதுக் கஞ்சியை ஊத்தும்.”

“சத்துநீர்,” என்றார் டாக்டர்.

“அதான், கஞ்சி. புதுசு விழுந்ததும் புளிப்பு குறையும். குறைஞ்சதும் கம்பி ‘போதும்’னு சொல்லும், பம்பு நிக்கும். ஊத்தின அளவுக்குப் பழசு வழிஞ்சு வெளிய போயிடும். அதனால கூட்டம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பசிச்சா அதுவே மணி அடிக்கும். நிறைஞ்சா அதுவே நிறுத்தும். எங்க வீட்லயும் இப்படி ஒரு கம்பியை எனக்குப் பொருத்தணும்னு பாப்பா சொல்லுவா.”

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

“கஞ்சியில ஒரு சாயம் கலந்திருக்கும்,” என்று மெதுவாக முடித்தான். “புளிப்பு ஏறினா மஞ்சள். புதுசு அதிகமா விழுந்தா சிவப்பு. சரியா ஓடினா நடுவுல ஆரஞ்சு. பாப்பா ஒண்ணு சொல்லுவா: ‘ஜாடி ஆரஞ்சா இருந்தா நிம்மதி, யாரும் அதுல கை வைக்கலைன்னு அர்த்தம்.’”

தராசு ஜாடியைப் பார்த்தார். “இப்ப மஞ்சளா இருக்கு.”

“அதான்மா கிறுக்கு,” என்றார் டாக்டர். “நான் வந்ததிலிருந்து மஞ்சள் ஆகுது. கொஞ்ச நேரத்துல தானா ஆரஞ்சுக்கு வருது. திரும்ப மஞ்சள். கம்பியை மாத்திப் பார்த்துட்டேன், பம்பையும் கழட்டிப் பார்த்துட்டேன். எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. குழாயில காத்து புகுந்திருக்கும்.”

தராசு குனிந்தார். சத்துநீர்க் குழாய் ஜாடிக்குள் நுழையும் இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் இருந்தது. சொட்டு விழுவது அதில் தெரியும்.

“பம்பு சுத்துது,” என்றார். “ஆனா சொட்டு விழலை.”

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பம்பு வெறுமனே சுற்றியது. ஜாடி மஞ்சளாகவே நின்றது. திடீரென்று, சொட்டு. இன்னொரு சொட்டு. பிறகு மளமளவென்று. மஞ்சளுக்கு அடியில் சிவப்பு கலந்து, சுழன்று, கண்ணெதிரே ஆரஞ்சாக மாறியது. பம்பு நின்றது. சற்றுப் பொறுத்து, வழக்கம்போல் மறுபடி சுற்றத் தொடங்கியது. சொட்டு விழவில்லை. ஆரஞ்சு வெளிறத் தொடங்கியது.

“பார்த்தீங்களா?” என்றார் டாக்டர். “பழுது.”

“டாக்டர், நான் எத்தனையோ பழுதைப் பார்த்தவ,” என்றார் தராசு. “எரிஞ்ச மோட்டார், உடைஞ்ச கப்பல், எல்லாம். பழுதுன்னா போனது போனதுதான். போறதும் வர்றதும், போறதும் வர்றதுமா இருந்தா அது பழுது இல்லை. ஆள்.”

தராசு குழாயைத் தொட்டுக் காட்டினார்.

“இந்தக் குழாய் எங்கிருந்து வருது?”

டாக்டர் சுவரைக் காட்டினார். குழாய் மேசையின் பின்னால் இறங்கி, சுவரில் இருந்த சிறு துளைக்குள் போய் மறைந்தது. “பக்கத்துல குளிர் அறை. சத்துநீர் கெட்டுப்போகாம இருக்க பெரிய பாட்டிலை அங்க வச்சிருக்கோம்.”

“அந்த அறையைத் தேடினீங்களா?”

“அது பூட்டியிருக்கும்மா. உள்ள பூஞ்சை பிடிச்சிருக்காம். காலையில மருந்துப் புகை போட்டு மூடியிருக்கு, நாளை வரைக்கும் யாரும் திறக்கக் கூடாதுன்னு மேனேஜர் கதவுல எழுதி ஒட்டியிருக்கார்.”

“அந்தப் புகை பூஞ்சையைக் கொல்லும். பாக்டீரியாவை?”

“அதையும் கொல்லும். எதையும் விடாது.”

“அப்படிப்பட்ட புகைக்கு நடுவுல உங்க பாட்டிலை வச்சு, அதுல இருந்து குழாய் போட்டு உங்க ஜாடிக்குச் சாப்பாடு ஊத்துவீங்களா?”

டாக்டர் ஜாடியையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். வந்ததிலிருந்து ஜாடியைத் தவிர வேறெதையும் யோசிக்காத மனிதருக்கு இப்போதுதான் உறைத்தது. “புகையே போடலை…” என்று முனகினார்.

“குழாயை அந்தப் பக்கத்துல யாரோ மடக்கி மடக்கி விடுறாங்க,” என்றார் தராசு. “விடறப்ப சொட்டு விழுது. மடக்குறப்ப நிக்குது.”

பாப்பா! வெடி சுவர் மேல் பாய்ந்தான். இரண்டு கையாலும் குத்தினான். “பாப்பா! பாப்பா, நான்தான்! அண்ணன்!” பஞ்சும் தகரமும் வைத்துக் கட்டிய சுவர். குத்து எங்கேயோ அமுங்கிப் போனது. அந்தப் பக்கம் குளிர் இயந்திரத்தின் உறுமல் மட்டும் ஓயாமல் கேட்டது. இந்த உறுமலுக்கு மேல் உள்ளே ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்குக் கேட்டிருக்கும்?

அப்போது டாக்டர், “அப்பாடா!” என்றார்.

இருவரும் திரும்பினார்கள். ஜாடி ஆரஞ்சாக இருந்தது. பம்பு சுற்றியது, சொட்டு விழுந்தது, பம்பு நின்றது. மறுபடி சுற்றியது, சொட்டு விழுந்தது, நின்றது. ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு.

“சரியாயிடுச்சு பாருங்க!” பழக்கத்தில் டாக்டரின் முகம் மலர்ந்தது.

வெடி ஜாடி அருகே ஓடி வந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டான். மஞ்சள் வரட்டும், மஞ்சள் வரட்டும் என்று ஜாடியையே பார்த்தான். வரவில்லை. அழகான, அமைதியான ஆரஞ்சு.

“மேடம்,” என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. “ஆரஞ்சா இருந்தா யாரும் கை வைக்கலைன்னு அர்த்தம். மேடம், அவ கை நின்னுபோச்சு.”

*

பின்பக்க நடையில் குளிர் அறையின் கதவு. கனமான தகரக் கதவு, வெளிப்பக்கம் தாழ், தாழில் பூட்டு. ‘மருந்துப் புகை. திறக்காதே’ என்று தாள். நடையின் கோடியில் மேனேஜர் வந்து நின்றார். வெடி பாப்பாவைக் கூப்பிட்ட சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“சாவி,” என்றார் தராசு.

“புகை போட்டிருக்கு மேடம். திறந்தா உங்க உயிருக்கு…”

“சாவியைக் குடுய்யா!” வெடி அலறினான். அவன் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை.

“மாடியில இருக்கு. எடுத்துட்டு வர்றேன்,” என்று மேனேஜர் திரும்பினார். நடந்தார். நடை ஓட்டமானது. மூலை திரும்பியதும் எதையோ படீரென்று இழுக்கும் ஓசை.

விளக்குகள் எல்லாம் அணைந்தன.

ஜன்னல் இல்லாத கட்டடம். வெளியே மாலை வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும் உள்ளே கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. வெடி கையை நீட்டித் துழாவினான். பக்கத்தில் நிற்பது தராசா, டாக்டரா, வேறு யாராவதா? எங்கிருந்து அடி விழும்? அவன் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குப் பேச வரவில்லை.

தப்பி ஓட இருட்டு வேண்டும் என்று மெயினை இழுத்தவருக்கு ஒரு விஷயம் தோன்றவில்லை. விளக்கோடு சேர்ந்து குளிர் இயந்திரமும் நின்றுபோனது. காலையிலிருந்து ஓயாத உறுமல் ஒரு முனகலோடு அடங்கியது. கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல அமைதி.

அந்த அமைதியில், கதவில் வைத்த வெடியின் காதுக்குள்:

தப்.

அவன் அசையவில்லை.

தப்… தப்.

ரப்பர் செருப்பால் தகரத்தைத் தட்டும் ஓசை. பலமே இல்லாத தட்டு.

“இருக்கா!” என்று கத்தினான். “மேடம், உசுரோட இருக்கா! தட்டுறா! பாப்பா, தட்டுடி! விடாதே, தட்டு!”

டாக்டர் சட்டைப் பையில் தடவி, ஜாடியை ஊடுருவிப் பார்க்கும் சின்ன டார்ச்சை எடுத்து அடித்தார். சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று சிவப்பாகத் தெரிந்தது. வெடி அதைப் பிடுங்கினான். பூட்டின் மேல் ஓங்கிப் போட்டான். சிலிண்டர் வழுக்கி, அவன் கால் விரலில் விழுந்தது. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. மறுபடி தூக்கினான். மறுபடி. பூட்டு போகவில்லை, தாழைப் பிடித்திருந்த திருகாணி பெயர்ந்துகொண்டு வந்தது. மூவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

குளிர் முகத்தில் அறைந்தது.

கதவருகிலேயே அவள் கிடந்தாள். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து உடம்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். உதடு நீலம். ஒரு காலில் வெள்ளைச் செருப்பு, இன்னொன்று கையில். ஆபத்துக்கு உள்ளிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி முறிந்து தொங்கியது. சத்துநீர்க் குழாயில், சுவரோரத்தில், வரிசையாகப் பல் பதிந்த தடங்கள். விரல் மரத்துப்போன பிறகு வாயால் கடித்து மடக்கியிருக்கிறாள். பல்லும் கிட்டிப்போன பிறகுதான் ஜாடி ஆரஞ்சானது.

வெடி அவளை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

*

வெயில் இன்னும் இருந்தது. கேட்டில் மேனேஜரின் கார் வெளியே போக முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் கேட்டுக்கு முதுகைக் கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “அம்மா சொல்லட்டும், திறக்கிறேன்.”

தராசு காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். பெண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி. ஒரு போன். துணியில் சுற்றிய உறைக்குப்பி.

“பயமுறுத்தத்தான் பூட்டினேன்,” என்றார் மேனேஜர். நெற்றியில் இப்போது நிஜமாகவே வியர்வை. “குப்பியை எடுக்கிறதை அவ பார்த்துட்டா. சாயந்தரம் திறந்து விட்டுடலாம்னுதான்…”

“உள்கைப்பிடியை உடைச்சது எதுக்கு? அதுவும் பயமுறுத்தவா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தராசு ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் போன் போட்டார்.

படிக்கட்டில் வெயில் விழும் இடமாகப் பார்த்து வெடி உட்கார்ந்திருந்தான். டாக்டரின் கோட்டு, தராசின் சால்வை, வாட்ச்மேனின் போர்வை எல்லாவற்றையும் சுற்றி அவளை மடியில் சாய்த்திருந்தான். அவள் கண் செருகிச் செருகி மூடியது.

“தூங்க விடாதே,” என்று டாக்டர் பதறினார். “ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பேச வச்சுக்கிட்டே இரு!”

பேச வைப்பதா? அவனா? ஒரு நகைச்சுவைகூட நினைவுக்கு வரவில்லை.

பாப்பாவின் உதடு அசைந்தது. “அண்ணா… ஜாடி… மஞ்சளாச்சா?”

“ஆச்சுடி. பார்த்தோம்.”

“குழாயைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். பழுதுன்னு… நினைச்சிடுவாங்க. அதான்… விட்டு விட்டு…” கண் மறுபடி மூடியது. “தூக்கம் வருது.”

“வரக் கூடாது!” அவன் அவள் கன்னத்தைத் தட்டினான். கண்ணீர் அவள் முகத்திலேயே விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை. “ஏய், கண்ணைத் திற. அந்த ஜாடிக் கதையைச் சொல்லு. முதல்ல இருந்து சொல்லு. நான் கேட்கிறேன்.”

“நீ… கிண்டல் பண்ணுவே.”

“பண்ண மாட்டேன். சத்தியமா. சொல்லு.”

அவள் ஒரு நீண்ட மூச்சு இழுத்தாள். “பாக்டீரியா… தின்னும்.”

“ம்.”

“தின்னுட்டு… புளிப்பை விடும்.”

“ம். அப்புறம்?”

“புளிப்பு ஏறினா… அதுக்கே… மூச்சு முட்டும்.”

“முட்டும். அப்புறம் என்ன ஆகும்? கண்ணைத் திறந்து சொல்லுடி, என்ன ஆகும்?”

தூரத்தில் ஆம்புலன்சின் சங்கு கேட்டது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்க ஓடினார். பாப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

“அப்ப… அது மணி அடிக்கும்ணா. யாராவது… வந்து ஊத்துவாங்க.”

“ம்,” என்றான் வெடி.